மா ஆலைக்காரர் அவிச்ச புட்டு

பட்டிமன்றம், திருகோணமலை. தலைப்பு: ‘தாயை இழந்த மகனைத் தகப்பன் தனியே நின்று நிறைவாக வளர்க்க முடியுமா, முடியாதா?’ முடியும் என்ற அணியின் மூன்றாவது பேச்சு.

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். கோணேசருக்கும் பத்திரகாளி அம்பாளுக்கும் முதல் பேசினவை எல்லாரும் விரிவா வணக்கம் சொல்லிட்டினம். அவையளுக்கு என்ர பங்கு வணக்கமும் அதிலேயே சேந்து போயிருக்கும். நான் நேர விசயத்துக்கு வாறன்.

விசயம் எண்டு நான் சொன்னது தலைப்பை இல்லை. தலைப்பு எங்கயும் ஓடிப்போகாது, பிறகு பாப்பம். எதிரணித் தலைவி அக்கா இறங்கிப் போகேக்க ஒரு வார்த்தையை விட்டிட்டுப் போனவ. நீங்கள் எல்லாரும் கை தட்டினனீங்கள். முன்வரிசை ஐயா ஒருத்தர் எழும்பி நிண்டே தட்டினவர். ஐயா, உங்களையும் பாத்து வைச்சிருக்கிறன். அக்கா என்ன சொன்னவ? “ஒரு ஆம்பிளை அவிச்ச புட்டைத் தூக்கி எறிஞ்சால் பிரட்றிக் கோட்டையில நிக்கிற மானுக்கு மண்டை உடையும். புட்டு அவிக்கத் தெரியாதவன் பிள்ளை வளப்பானோ?”

அக்கா, முதல்ல மானைப் பற்றிச் சொல்லிடுறன். கோட்டை மான் உங்கட புட்டுக்குப் பயப்பிடுற மான் இல்லை. கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போறவை வாறவையின்ர கையில இருக்கிற வாழைப்பழம், கச்சான், அந்தக் கச்சான் சுத்தின பை, எல்லாத்தையும் திண்டு பாத்தது. தயவுசெய்து பொலித்தீன் பையை மட்டும் அங்க போடாதேங்கோ, அது வயித்தில சிக்கித்தான் மான் சாகுது. அது வேற பட்டிமன்றம்.

இப்ப புட்டு. அக்கா சொன்னது உண்மை. அந்தப் புட்டு மண்டையை உடைக்கும், நான் மறுக்கேல்ல. ஆனால் அது ஏன் கல்லாச்சு எண்டு அக்கா சொன்னவவோ? சொல்லேல்ல. சிரிச்சிட்டு இறங்கிட்டா. நான் சொல்லுறன்.

ஒரு மனிசன். சீனக்குடா மா ஆலையில வேலை. பெயர் சொல்லமாட்டன். இந்தச் சபையில பாதிப் பேருக்கு ஆள் ஆரெண்டு விளங்கிட்டுது, மிச்சப் பாதி பக்கத்தில இருக்கிறவையை இடிச்சு இடிச்சுக் கேக்குது. அவற்ற மனிசி காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவ, திரும்பி வரேல்ல. பெடியனுக்கு நாலு வயசு. எட்டு முடிஞ்சு, 31ஆம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு, சொந்தக்காரர் எல்லாரும் பாத்திரங்களைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுத் தங்கட தங்கட வீட்டுக்குப் போயிட்டினம். அடுத்த நாள் காலமை குசினியில இரண்டு பேர். ஒருத்தருக்கு நாப்பது வயசு, மற்றவருக்கு நாலு. சமையல் அறிவு இரண்டு பேருக்கும் சரிசமன்.

பெடியன் சொல்லுறான், “அப்பா, புட்டு.”

மனிசன் நினைச்சார், எனக்கோ மாவில பயம்? கப்பல் கப்பலாக் கோதுமை வந்து இறங்குறதை வருசக்கணக்கில பாத்த மனிசன். மாவில ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல போனால் மூட்டைக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும் எண்டு நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அலுமாரியைத் திறந்தார். ஒரு பெரிய பேணியில கொஞ்ச மா இருந்தது. அது பழசு எண்டு தள்ளி வைச்சிட்டு, புதுப் பக்கெட் கோதுமை மா ஒண்டை எடுத்து உடைச்சார். சட்டியில கொட்டினார். உப்புப் போட்டார். கேத்தில்ல கொதிச்ச தண்ணியை ஒரே ஊத்தா ஊத்தினார். பிசைஞ்சார்.

நடுவர் அவர்களே, சபையைப் பாருங்கோ. பொம்பிளையள் எல்லாரும் “ஐயோ” எண்டினம். எதிரணி அக்காவே வாயில கையை வைச்சிட்டா. ஆம்பிளையள் பேசாமல் இருக்கினம், அவையளுக்கு இன்னும் பிழை எங்க எண்டு விளங்கேல்ல.

பிழை இதுதான். பக்கெட்டில வாறது பச்சை மா. கோதுமை மாவில குளூட்டன் எண்டு ஒரு புரதம் இருக்கு. தண்ணி பட்டுப் பிசையப் பிசைய அது இழுபட்டு ஒண்டோட ஒண்டு ஒட்டும். றொட்டிக்கு அது வேணும், பாணுக்கு அது கட்டாயம் வேணும், பாண் எழும்புறதே அதாலதான். புட்டுக்கு அது எதிரி. புட்டு உதிர வேணும். அதனாலதான் எங்கட வீட்டுப் பெண்டுகள் மாவை வாங்கின கையோட அவிச்சு வைக்கிறவை. ஒரு கிலோ மாவை ஒரு வெள்ளைத் துணியில தளர்வாக் கட்டி, முக்கால் மணித்தியாலம் ஆவியில வைக்க வேணும். அந்தச் சூட்டில ஒட்டுற குணம் செத்துப்போகும். இறுக்கிக் கட்டினால் ஆவி நடுவுக்குப் போகாது, வெளியில அவிஞ்சு உள்ளுக்குப் பச்சையா இருக்கும். இறக்கினதும் கை சுடச்சுட உடைச்சு அரிதட்டில அரிக்க வேணும். ரெலிபோன் வந்தது எண்டு கதைக்கப் போனால் முடிஞ்சுது, ஆறின கட்டி கல்லு, உலக்கைதான் எடுக்க வேணும். அரிச்சதைப் பேப்பரில பரப்பி நல்லா ஆறவிட்டுத்தான் பேணியில போடுறது. சூட்டோட மூடினால் உள்ளுக்குள்ள வேர்க்கும், புளிச்ச மணம் வரும், பிறகு பூஞ்சணம்.

இதெல்லாம் மா ஆலைக்காரருக்குத் தெரியாது. ஆலை வாசலோட அவற்ற மா அறிவு முடிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகு நடக்கிற இந்த வேலையை ஒவ்வொரு மாசமும் அவற்ற மனிசி செய்தவ, அவர் அந்த நேரம் முன் விறாந்தையில பேப்பர் வாசிச்சவர்.

சரி, புட்டு இறங்கிச்சுது. புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி, அந்த நீத்துப்பெட்டியைக் கவிட்டால் புட்டு விழவேயில்லை. தட்டினார், விழேல்ல. அகப்பைக் காம்பால குத்தினார். ஒரே உருண்டையாக் கோப்பையில விழுந்த சத்தத்துக்கு ஒழுங்கையில படுத்திருந்த நாய் எழும்பி வந்தது. மணந்து பாத்தது. திரும்பிப் போய்ப் படுத்திட்டுது. பெடியன் ஒரு துண்டைக் கடிச்சான். மெண்டான். மெண்டுகொண்டே இருந்தான். நேசறி வான் வந்து ஹோர்ன் அடிச்சது, அப்பவும் மெண்டுகொண்டிருந்தான். வான்காரர் கேட்டார், “என்ன மகன், சுவிங்கமோ?” பெடியன் சொன்னான், “இல்லை, புட்டு.”

இருங்கோ, கை தட்டாதேங்கோ. இரண்டாம் நாள் இருக்கு.

இரண்டாம் நாள் ஆலையில ஆரோ சொன்னவை, “கோதுமையை விடும், வறுத்த அரிசிமாவில அவியும்.” நல்ல புத்தி. கடையில சிவப்பு அரிசிமா, வறுத்தது, வாங்கிட்டார். ஆனால் முதல் நாள் கொதிதண்ணி ஊத்தித்தானே கல்லாச்சு எண்டு அவற்ற மனசில ஒரு கணக்கு. அதனால பைப்பைத் திறந்து பச்சைத்தண்ணி விட்டார். வறுத்த அரிசிமாவுக்குக் கொதிதண்ணிதான் வேணும், அந்தச் சூட்டிலதான் அரிசியின்ர மாப்பொருள் கொஞ்சம் இளகிக் குறுணி குறுணியாப் பிடிக்கும். பச்சைத்தண்ணியில பிடிக்காது. அவிச்சு இறக்கினால் தூள். வாயில போட்டுக் கதைச்சால் பறக்கும். பெடியன் தும்மினான், தகப்பன்ர மூக்குக்கண்ணாடி சிவப்பாப் போச்சு.

முதல் நாள் கல்லு, இரண்டாம் நாள் மண். இனி ஒரு லோட் சீமெந்து வந்தால் வீடே கட்டியிருக்கலாம்.

மூண்டாம் நாள்தான், நடுவர் அவர்களே, இந்தக் கதையில முக்கியமான நாள். அண்டைக்கு அந்த மனிசன் புட்டு அவிக்கேல்ல. பின் மதிலடியில போய் நிண்டார். அங்கால பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, ராத்தா, உடுப்புக் காயப் போடுறா. இவர் நிக்கிறார், தொண்டையைச் செருமுறார், தேங்காய் மரத்தைப் பாக்கிறார், “இந்த முறை காய்ப்புக் குறைவு போல” எண்டுறார். கேக்க வந்ததைக் கேக்க வாய் வருகுதில்லை. ஆலையில பத்துப் பேரை மேய்க்கிற ஆள், இரண்டு சுண்டு மாவுக்கு எவ்வளவு தண்ணி எண்டு ஒரு பொம்பிளையிட்டக் கேக்கிறதோ?

ராத்தா திரும்பிப் பாத்தா. “என்ன தம்பி, மதிலுக்கு மேலால கதைக்கிறீங்க? ஊட்டுக்குள்ள வாங்க. புள்ள என்ன திண்டான்?”

அந்த ஒரு கேள்விக்கு மனிசன் உடைஞ்சு போனார். எல்லாத்தையும் சொன்னார். கல்லையும் சொன்னார், மண்ணையும் சொன்னார். ராத்தா சிரிக்கேல்ல. இஞ்ச இருக்கிற நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள், ராத்தா சிரிக்கேல்ல. “அலுமாரியில ஒரு பேணி இருக்குமே தம்பி, தங்கச்சி அவிச்சு வச்ச மா? அத எடுத்திட்டு வாங்க” எண்டா.

அவர் பழசு எண்டு தள்ளி வைச்ச பேணி.

ராத்தா சொல்லிக் குடுத்த கணக்கை நான் அப்படியே சொல்லுறன், ஆம்பிளையள் எழுதிக்கொள்ளுங்கோ, கொப்பி இல்லாட்டிப் போனில பதிஞ்சுகொள்ளுங்கோ. வறுத்த அரிசிமா ஒரு சுண்டு, அவிச்ச கோதுமை மா ஒரு சுண்டு. உப்பு மட்டமா ஒரு தேக்கரண்டி. தண்ணி ஒரு சுண்டுக்குக் கொஞ்சம் குறைய, கொதிக்க வைச்சு இறக்கி ஒரு நிமிசம் விட்டிட்டு. ஒரே அடியா ஊத்தக் கூடாது. மாவுக்கு மா குடிக்கிற அளவு வித்தியாசம், அதனால கொஞ்சம் தெளிச்சு, அகப்பைக் காம்பால கிளறி, பாத்து, பிறகும் கொஞ்சம் தெளிக்க வேணும். ஒரு பிடி எடுத்துப் பொத்தினால் உருளையா நிக்க வேணும், விரலால தட்டினால் உடைய வேணும். உடையாட்டித் தண்ணி கூடிப்போச்சு, இன்னும் கொஞ்சம் மா தூவுங்கோ. நிக்கவே நிக்காட்டித் தண்ணி காணாது. பிறகு பால்பேணி விளிம்பால கொத்த வேணும், பயறளவுக் குறுணி வரும்வரைக்கும். அரைவாசித் தேங்காய்ப்பூ. நீத்துப்பெட்டியில போடேக்க அமத்தக் கூடாது. ஆம்பிளையளுக்கு எதைக் கண்டாலும் அமத்திப் போடுற பழக்கம், சூட்கேசுக்கு உடுப்பு வைக்கிறதும் அப்படித்தான். அமத்தினால் ஆவி ஏறாது. சும்மா உதிர்த்துப் போட்டு, ஆவி மேலால வரத் தொடங்கினதில இருந்து பத்து நிமிசம்.

நாலாம் நாள் புட்டு உதிர்ந்துது.

எதிரணி சொல்லப்போறது எனக்குத் தெரியும். “பாத்தீங்களோ, சொல்லிக் குடுத்தது ஒரு பொம்பிளைதானே, மாவை அவிச்சு வைச்சதும் ஒரு பொம்பிளைதானே.” ஓம். நான் இல்லையெண்டு சொன்னனானோ? தாய்மாருக்கு ஆர் சொல்லிக் குடுத்தவை? இஞ்ச இருக்கிற எந்த அம்மாவாவது பிறக்கேக்கையே நீத்துப்பெட்டியோட பிறந்தவவோ? அவவுக்குத் தாய் சொல்லிக் குடுத்தவ, மாமி குறை சொல்லிச் சொல்லிக் குடுத்தவ, கிளினிக்கில மிட்வைவ் மிஸ் சொல்லிக் குடுத்தவ, மற்ற அம்மாக்கள் வாங்கில இருந்து கதைச்சுக் கதைச்சுச் சொல்லிக் குடுத்தவை. மனிசியை இழந்த ஆம்பிளையிட்ட வாற சனம் எல்லாம் என்ன சொல்லுது? “இன்னொண்டைக் கட்டும்.” ஊர் முழுக்க வந்து அதைச் சொல்லிட்டுப் போகுது. ஒருத்தராவது தண்ணி எவ்வளவு எண்டு சொன்னவையோ?

அரசாங்கமே பாருங்கோ. அரச உத்தியோகத்தில இருக்கிற தாய்க்குப் பிள்ளை பிறந்தால் முழுச் சம்பளத்தோட 84 வேலை நாள் லீவு. தகப்பனுக்கு 3 நாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில நிக்க, ஒரு நாள் சொந்தக்காரருக்குப் போன் எடுக்க, ஒரு நாள் நித்திரை கொள்ள. 84 நாள் படிச்சவவையும் 3 நாள் படிச்சவரையும் ஒரே சோதினையில இருத்திப்போட்டு, “பாத்தீங்களோ, தகப்பன் பெயில்” எண்டால் அது என்ன நியாயம்? அம்மாக்கள் கோவிக்காதேங்கோ, உங்கட 84ஐக் குறைக்கச் சொல்லேல்ல. அவற்ற 3ஐக் கூட்டச் சொல்லுறன்.

எதிரணியில இரண்டாவதாப் பேசின தம்பி, ஆம்பிளைக்குப் பொறுமை இல்லை எண்டவர். தம்பி, ஒருநாள் விடிய கடற்கரைக்கு வாரும். அறுந்த வலையைக் கால்விரலில கொழுவிக்கொண்டு கண்ணுக்குக் கண் பொத்துற மனிசரைக் காட்டுறன். அவ்வளவுதான் உமக்குப் பதில்.

திரும்ப எங்கட மனிசனிட்ட வருவம். பெடியன் முதலாம் வகுப்புக்குப் போறான். வெள்ளைச் சேட், நீலக் காற்சட்டை. சேட் பழுப்படிக்குது, நீலம் போட வேணும் எண்டு எங்கயோ கேள்விப்பட்டவர், வாளிக்குள்ள சேட்டை வைச்சு அதுக்கு மேலயே நீலத்தைக் கொட்டினார். ரீச்சர் கேட்டா, “இண்டைக்கு மாறுவேடப் போட்டியோ?” நீலத்தை முதல்ல ஒரு கோப்பைத் தண்ணியில வடிவாக் கரைச்சு, அதை வாளித் தண்ணியில விட்டுக் கலக்கி, அதுக்குப் பிறகுதான் சேட்டைத் தோய்க்க வேணும். சேட்டில சவர்க்காரம் மிச்சம் இருந்தாலும் திட்டு விழும், அதனால இரண்டு தண்ணி அலசின பிறகு. இதைச் சொல்லிக் குடுத்தது லோன்றிக்காரர். ஆம்பிளைதான், அக்கா.

ஆனால் காய்ச்சல் வேற விசயம். அதில பகிடி இல்லை. பெடியனுக்கு நாலரை வயசில ஒரு இரவு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. தாய் காய்ச்சலிலதான் போனவ. அந்த மனிசன்ர கை எப்படி நடுங்கியிருக்கும் எண்டு யோசியுங்கோ. அந்தக் கையாலதான் மருந்து அளக்க வேணும். மருந்துக்கடைத் தம்பி முதலே சொல்லி வைச்சவர். பரசிற்றமோல் பாணி வயசைப் பாத்துக் குடுக்கிறதில்லை, நிறையைப் பாத்து. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பெடியன் 16 கிலோ எண்டால் 240. போத்தலில 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் எண்டு போட்டிருந்தால் 10 மில்லிலீற்றர். போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், அதனால லேபிளை வாசிக்காமல் குடுக்கக் கூடாது. வீட்டுத் தேக்கரண்டியை நம்பக் கூடாது, ஒண்டு பெருசு ஒண்டு சின்னன், மருந்தோட வாற அளவு மூடிதான். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல இல்லை. டெங்கு ஓடுற ஊரில ஐபுபுரோபன், அஸ்பிரின் கிட்டயும் போகக் கூடாது, அது இரத்தக் கசிவைக் கூட்டும். மூண்டாம் நாளும் காய்ச்சல் விடாட்டி இரத்தம் சோதிக்கிறது. காய்ச்சல் விட்டிட்டுது எண்டு ஆறுதல் படவும் கூடாது, டெங்கில ஆபத்து காய்ச்சல் இறங்கேக்கதான். வயித்துக்குத்து, விடாத சத்தி, கை கால் குளிர், மூத்திரம் குறைவு, இதில ஒண்டு கண்டாலும் உடன ஆஸ்பத்திரி. அந்த மனிசன் சுவரில தொங்கின கலண்டரில பென்சிலால எழுதினார். 9.10க்கு மருந்து. 11 மணிக்கு இளநி அரைக் கிளாஸ். 12.30க்கு மூத்திரம் போனவன். 3.10க்கு மருந்து.

அடுத்த நாள் டொக்டர் பெடியனைப் பாக்க முதல் அந்தக் கலண்டர் தாளைத்தான் பாத்தவர். “அம்மா எழுதினதோ?” எண்டு கேட்டவர். கேள்வியைப் பாருங்கோ. படிச்ச டொக்டருக்கே ஒரு தகப்பன் இதை எழுதுவான் எண்டு தோணேல்ல.

நடுவர் அவர்களே, என்ர கட்சி சின்னக் கட்சி. பிள்ளை வளப்பு கைப்பழக்கம். தகப்பன்மார் தோத்துப் போறது கை இல்லாமல் இல்லை, மதிலடியில நிண்டு தேங்காய் மரத்தைப் பாக்கிறதால. கேக்க வெக்கம். அந்த வெக்கத்தை விட்டவன் வளத்துப்போட்டான்.

இந்த ஊருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. 2004 மார்கழி 26 காலமை. ஆழக்கடலுக்குப் போயிருந்தவைக்குத் தோணிக்குக் கீழால அலை போனதே தெரியேல்ல. ஆழத்தில அது ஒரு சின்ன ஏற்றம்தான், கரை கிட்டக் கிட்டத்தான் எழும்பினது. கரையில நிண்ட பெண்டுகளும் பிள்ளையளும்தான் போனவை. பின்னேரம் தோணியைக் கரைக்குக் கொண்டு வந்தவன் ஒரு பிள்ளையைக் கையில வாங்கிக்கொண்டு தனிய நிண்டான். நிலாவெளியில நிண்டான், கிண்ணியாவில நிண்டான், மூதூரில நிண்டான். அவனிட்டப் போய், “முடியுமா முடியாதா?” எண்டு தலைப்பு வைச்சு ஆரும் கேக்கேல்ல. அந்தப் பிள்ளையள் இண்டைக்கு இருபது வயசு தாண்டினவை. இந்தச் சபையிலயும் இருப்பினம்.

எதிரணி, தாயை விடப் பெரிய கோயில் இல்லை எண்டு பாடிக் காட்டினது. எங்கட கோணேசரைச் சம்பந்தர் எப்படிப் பாடினவர்? “தாயினும் நல்ல தலைவர்.” வேற எந்த ஊரில வேணுமெண்டாலும் அக்கா அந்த வாதத்தை வைக்கலாம். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலை தெரியிற மேடையில நிண்டு வைச்சதுதான் பிழை.

மணி ஒருக்கா அடிச்சிட்டுது, எனக்குக் கேட்டது. ஒரு விசயம் மிச்சம் இருக்கு.

அடுத்த சித்திரை வந்தது. சித்திரா பௌர்ணமி. தாய் இல்லாதவை பிடிக்கிற விரதம். அஞ்சு வயசுப் பெடியன் தோஞ்சிட்டு வந்து நிக்கிறான். தகப்பன் சொல்லுறார், “அம்மாவுக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் சமைச்சுப் படைக்க வேணும், காகத்துக்கு வைக்க வேணும், பிறகுதான் நாங்கள் சாப்பிடுறது.” பெடியன் கேக்கிறான், “அம்மாவுக்கு என்ன விருப்பம்?”

மனிசன் யோசிச்சார். தனக்கு என்ன விருப்பம் எண்டு தெரியும், நண்டுக்கறி, நல்ல உறைப்பு. பெடியனுக்கு என்ன விருப்பம் எண்டு தெரியும். மனிசிக்கு? அவ எப்பவும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவ. என்ன சாப்பிட்டவ? யோசிச்சு யோசிச்சு ஒண்டு பிடிபட்டுது. “தயிர். அம்மாவுக்குத் தயிர் எண்டால் உயிர். ஒவ்வொரு நாளும் சோத்தில தயிர்தான் விட்டுச் சாப்பிடுவா.”

ஆனாலும் தயிரை மட்டும் படைக்க ஏலுமோ? இந்த முறை மதிலடி இல்லை, அதை விடத் தூரம். மூதூரில மாமி வீடு. செத்தவீட்டண்டைக்கு மாமி எல்லாருக்கும் முன்னால சொன்னவ, “பெடியனை எங்களிட்டத் தாரும், ஆம்பிளையால ஏலாது.” அண்டைக்குப் பிறகு இரண்டு பக்கமும் கதை இல்லை. மனிசன் கிண்ணியாவில இறங்கி நல்ல எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு, பெடியனையும் கூட்டிக்கொண்டு, மாமி வீட்டு முற்றத்தில போய் நிண்டார். நிண்டு கேட்டார், “மாமி, அவளுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?”

மாமி தயிர்ச் சட்டியைப் பாத்தா. “ஏன் மருமகன் தயிர் வாங்கினனீங்கள்? அவளுக்குத் தயிர் விருப்பமே இல்லை. சின்னனில இருந்தே தொடமாட்டாள். அவளுக்கு உறைப்பு ஆகாது. அதுக்காக விட்டுச் சாப்பிட்டிருப்பாள்.”

இது எதிரணிக்குப் போற புள்ளி எண்டு எனக்குத் தெரியும், நடுவர் அவர்களே. எழுதிக்கொள்ளுங்கோ, நான் தடுக்கேல்ல. பத்து வருசம் அந்த வீட்டில உறைப்புக் கறி கொதிச்சது. கொதிக்க வைச்சவவுக்கு உறைப்பு ஆகாது. சட்டியில பாதியை எடுத்துத் தனக்கு உறைப்பில்லாமல் வைக்கலாம், வைக்கேல்ல. “எனக்கு ஆகாது” எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லேல்ல. பிடிக்காத தயிரை விட்டுப் பிசைஞ்சு விழுங்கினவ, அதைப் பாத்து மனிசன், இவளுக்குத் தயிர் எண்டால் உயிர் எண்டு நினைச்சுக்கொண்டு பேப்பர் வாசிச்சவர். அந்த முற்றத்தில அந்த மனிசன் அழுதார். பெடியனுக்கு முன்னால, மாமிக்கு முன்னால. அந்தியேட்டிக்குக் கூட அழாத ஆள். இந்த இடத்தில வாதம் பண்ண என்னால ஏலாது, ஏலும் எண்டு நினைக்கிறவை மேடைக்கு வரலாம்.

பிறகு மாமி சொன்னவ. பூசணிக்காய் பால்கறி, பச்சை மிளகாய் போடாமல். வாழைக்காய்க்கு மஞ்சளும் மிளகும் மட்டும். பயத்தம்பருப்பு. புட்டு, கப்பல் வாழைப்பழத்தோட. மாமி எழும்பிக் குசினிக்குப் போகப் பாத்தா. மனிசன் விடேல்ல. “நீங்கள் இருங்கோ மாமி” எண்டிட்டு அவரே தேங்காய் துருவினார், முதல் பாலை வேற, இரண்டாம் பாலை வேற பிழிஞ்சார், இரண்டாம் பாலில காயை அவிய விட்டு, முதல் பாலைக் கடைசியில விட்டார், முதலே விட்டால் திரைஞ்சு போகும் எண்டு அவருக்கு இப்ப தெரியும். மாவைத் தெளிச்சுக் கிளறி, பொத்திப் பாத்து, தட்டிப் பாத்து, பேணியால கொத்தி, அமத்தாமல் போட்டு அவிச்சார். பெடியன் இலை போட்டான். காகத்துக்கு வைச்சவை. காகம் உடனயே வந்ததாக் கேள்வி.

மூண்டு பேரும் இருந்து சாப்பிட்டவை. மாமி ஒரு பிடி புட்டை எடுத்தா, உதிர்த்துப் பாத்தா, வாயில போட்டா. செத்தவீட்டில சொன்ன கதையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. மருமகனைப் பாத்துக் கேட்டா:

“தண்ணி எவ்வளவு விட்டனீங்கள்?”

மணி இரண்டாந்தரமும் அடிச்சிட்டுது. தீர்ப்பை நடுவர் பாத்துக்கொள்ளட்டும். வணக்கம்.